தூக்கம் பொறுக்காத சாமியண்ணே

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பக்கம் எழுதுவேன், கிழித்துப் போட்டுவிடுவேன். முருகன் பேரைச் சொல்லி வாழ்ந்த ஒரு மனிதர், பதில் பேச முடியாத இடத்துக்குப் போய்விட்டார். அவரைப் பற்றி நான் என்ன எழுதுவது என்று கை நின்றுவிடும். எனக்குத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், அதன் பிறகு மூன்றாம் படிவம் வரை, அவ்வளவுதான் படிப்பு. பயமும் இருந்தது. நானும் அதே கோயிலைச் சேர்ந்தவன். நாளைக்கு என் வீட்டில் நல்லது கெட்டது என்றால் அந்த ஜனங்கள்தான் வந்து நிற்க வேண்டும். இப்படியே வருடங்கள் போய்விட்டன.

போன பங்குனியில் அவருடைய மனைவியைப் பார்க்கப் போயிருந்தேன். நாங்கள் எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு அக்கா சொன்னார்: "எழுதுங்க தம்பி. நான் தொட்டதாலதான் அவரு செத்தாருன்னு இன்னும் எத்தன வருசம் கேட்டுக்கிட்டு இருக்கிறது?"

அதனால் எழுதுகிறேன். அவர் பெயரை எழுதமாட்டேன். நாங்கள் கூப்பிட்டது போலவே சாமியண்ணே என்று எழுதுகிறேன்.

எங்கள் ஊரான பாயான் பாருவில், எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், அரசமரத்தடியில், தகரக்கூரை போட்ட சின்ன முருகன் கோயில் உண்டு. அதன் பஜனைக்குத் தலைவர் அவர். குட்டையான, கனத்த உடம்பு. கழுத்து என்று தனியாக ஒன்று தெரியாது. தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். நெற்றி நிறைய விபூதி. நல்ல குரல். அந்தக் குரலில் அவர் வேலைத் தூக்கிப் பாடினால் எனக்கு இன்றைக்கும் மயிர் கூச்செறியும், பொய் சொல்லமாட்டேன். ஓய்வு பெறும் வரை துறைமுகத்தில் மண்டோர், அதாவது கூலிகளை வேலை வாங்கும் மேஸ்திரி.

அவருக்கு ஒரே ஒரு விஷயம் பொறுக்காது. யாராவது தூங்கினால் பொறுக்காது.

"தூக்கம் மாட்டுக்கு. மனுசனுக்கு எதுக்கு?" என்பார். பிரசாதம் கொடுக்கும் நேரத்தில் ஒரு கதை சொல்லுவார். துறைமுகத்தில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒருவன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தானாம். இவர் சத்தம் போடாமல் அவன் இரண்டு காலையும் கயிற்றால் சேர்த்துக் கட்டிவிட்டு, "கப்பல் வந்திருச்சுடா" என்று காதில் கத்தினாராம். அவன் எழுந்து ஓடப் பார்த்து முகம் குப்புற விழுந்து முன்பல் போய்விட்டது. "அதுக்கப்புறம் அவன் செத்தாலும் முழிச்சுக்கிட்டே சாவான் லா" என்று சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். கையில் சர்க்கரைப் பொங்கல் இருக்கும்.

வெள்ளிக்கிழமை பஜனைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் பாயான் லெப்பாஸ் பேக்டரிகளில் ஷிப்ட் முடித்துச் சட்டையைக்கூட மாற்றாமல் வருகிறவர்கள். உட்கார்ந்ததும் கண் சொருகும். சாமியண்ணே பக்கத்தில் ஒரு பித்தளைச் சொம்பு எப்போதும் இருக்கும். தலை ஆடுவதைப் பார்த்துவிட்டால் பாட்டை நிறுத்தாமலே ஒரு கை தண்ணீரை அள்ளி முகத்தில் அடிப்பார்.

"கம்பனிக்காரன் முன்னால முழிச்சிருக்கத் தெரியுது. முருகன் முன்னால தூக்கமா? நாளைக்கு வரும்போது தலகாணி கொண்டா, நான் விரிச்சு விடுறேன்."

என் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பார்க்க வந்தார். வலி மருந்தில் அம்மா அப்போதுதான் கண்ணை மூடியிருந்தார். அவர் குனிந்து அம்மாவின் காதருகே இரண்டு கையையும் தட்டினார். அம்மா பதறி விழித்து, யார் என்று தெரியாமல் அழுதார். "நல்லாத் தூங்குதே. போறதுக்குப் பழகுது போல" என்றார் என்னிடம். அதே மனிதர், அம்மா இறந்தபோது வேறு ஆள் வருவதற்கு முன் வந்து பாடைக்கு முதல் தோள் கொடுத்தார். மயானம் வரை தோள் மாற்றவில்லை. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க எனக்குத் தெரியவில்லை.

இப்போது அவருடைய தியானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பஜனை முடிந்ததும் அவர் சுவரில் சாயாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடுவார். கொஞ்ச நேரத்தில் முகவாய் நெஞ்சில் விழும். கர் கர்ரென்று ஒரு சத்தம் கிளம்பும். வேறு யாரிடமிருந்து வந்தாலும் அதைக் குறட்டை என்றுதான் சொல்லியிருப்போம். அவரிடமிருந்து வந்ததால் ஓங்காரம் என்றோம். அந்தச் சத்தம் ஏறி ஏறி, திடீரென்று அறுந்துவிடும். மூச்சு இருக்காது. நெஞ்சு அசையும், காற்று உள்ளே போகாது. கோயிலில் ஒரு சத்தமும் இருக்காது. எல்லாரும் கைகூப்பி நிற்போம். பிறகு உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது போல ஒரு குலுக்கல், தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தவர் போலப் பெரிய மூச்சு. சிவந்த கண்ணைத் திறந்து பார்ப்பார். ஜனம் காலில் விழும்.

"அண்ணனுக்கு மூச்சு அடங்குது" என்று பேசிக்கொண்டார்கள். மூச்சை அடக்கிய சித்தர்களைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். கண்ணெதிரே ஒருவருக்கு மூச்சு நின்று திரும்பி வந்தால் வேறு என்ன நினைப்போம்? அவரும் அப்படித்தான் நம்பினார். வேஷம் போட்டார் என்று நான் சொல்லமாட்டேன்.

கோயில் செயலாளர் ஒருவர் இருந்தார். எலெக்ட்ரானிக் கம்பனியில் ஒப்பிஸ் வேலை. அவர் சாமியண்ணேக்கு இதயத் துடிப்புக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக் கட்டிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை தியானத்தில் மூச்சு அடங்கிய நேரத்தில் கடிகாரம் கிர்ரென்று அதிர்ந்தது. செயலாளர் எட்டிப் பார்த்தார். முப்பத்தைந்துக்கும் கீழே. சாதாரண ஆளுக்கு அதைப்போல இரண்டு மடங்கு இருக்கும்.

"நமக்கெல்லாம் இப்படி எறங்கினா ஆம்புலன்ஸ கூப்பிடணும். அண்ணே உட்கார்ந்திருக்காரு பாருங்க, மலை மாதிரி" என்றார். அதைப் படம் பிடித்துக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பட்டர்வொர்த்திலிருந்தெல்லாம் ஆட்கள் பார்க்க வர ஆரம்பித்தார்கள். அந்தக் கடிகாரம் கூப்பிட்டது ஆம்புலன்ஸைத்தான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரே ஒரு ஆளுக்குத் தெரிந்திருந்தது. அது அக்கா.

வீட்டில் தினமும் அவர் பக்கத்தில் படுக்கிறவர் அக்கா. சத்தம் நின்றால் இவருக்குத் தூக்கம் கலையும். கையை நீட்டி அவர் தோளை உலுக்குவார். மூச்சு வரும். மறுபடி கண்ணை மூடுவதற்குள் மறுபடி நிற்கும். பல வருடமாக அக்கா தூங்கியதே இப்படித்தான். உலுக்கும்போது அவர் விழித்துக்கொண்டால், தியானத்தைக் கெடுத்தாள் என்று கையைத் தட்டிவிட்டுத் திட்டுவார். அக்கா இதை என் மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அப்படி விழித்திருந்த அக்கா பகலில் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிப் போவார். ஒரு வெள்ளிக்கிழமை தீபாராதனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அசந்துவிட்டார். தட்டு விழுந்து சூடம் பாயில் உருண்டது.

சாமியண்ணே பாட்டை நிறுத்தினார். "பாத்தீங்களா? ஒரே வீடு, ஒரே சோறு. நான் மூச்சையே அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இவளுக்குக் கண்ண அடக்கத் தெரியல. அடுத்த வாரத்துலேர்ந்து இவ உட்காரக் கூடாது. நிக்கட்டும்."

அடுத்த வாரத்திலிருந்து அக்கா நின்றார். பஜனை முழுக்க, தட்டைப் பிடித்துக்கொண்டு, தூண் ஓரம். என் மனைவிக்குப் பொறுக்காமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய் வைத்தாள். சாமியண்ணே எழுந்து வந்து அதை எடுத்து என் மனைவி கையிலேயே கொடுத்தார். "ஒனக்குக் கால் வலிச்சா நீ உட்காரும்மா" என்றார். அக்கா நின்றுகொண்டே தூங்கியதை நான் பார்த்திருக்கிறேன். கண் மூடியிருக்கும், தட்டு மட்டும் சாயாது.

ஒரு நாள் காலையில் சாமியண்ணே மோட்டாரில் போய்க்கொண்டிருந்தவர் சிவப்பு விளக்கில் நின்றார். நின்ற இடத்திலேயே தூங்கி, வண்டியோடு சாய்ந்துவிட்டார். முட்டியில் சிராய்ப்பு, பெரிய காயம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் கடிகாரத்தின் கதையை நான்தான் டாக்டரிடம் சொன்னேன். இரவு அங்கேயே தங்க வைத்து, தூங்கும்போது உடம்பில் வயர் ஒட்டிப் பரிசோதித்தார்கள். மறுநாள் அவரையும் அக்காவையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்த டாக்டர் ஒரு சின்ன வயதுத் தமிழ்ப்பெண்.

"அங்கிள், தூங்கும்போது உங்க தொண்டைச் சதை தளர்ந்து வழிய அடைச்சிடுது. மூச்சு நிக்குது. மூச்சு நின்னா ஹார்ட்டும் மெதுவாகுது. சில நேரம் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல நின்னே போகுது. அப்புறம் மூளை பதறிப்போய் உங்கள உலுக்குது, ஹார்ட்டு விழுந்தடிச்சு ஓடுது. தூங்குற நேரம் பூரா இதே கதைதான்."

"அப்படின்னா நெஞ்சுல பேட்டரி வைக்கணுமா டாக்டர்?" என்று கேட்டேன். என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவருக்கு வைத்திருந்தார்கள்.

"இப்போதைக்கு வேணாம். முழிச்சிருக்கும்போது அங்கிளோட ஹார்ட்டு நல்லாத்தான் துடிக்குது. அடைப்பு தொண்டையில இருக்கு. ஒரு மெஷின் தர்றோம், அதோட மாஸ்க்க மாட்டிக்கிட்டுத் தூங்கினா காத்து வழிய தொறந்து வச்சிருக்கும். மூச்சு ஒழுங்கானா ஹார்ட்டும் பெரும்பாலும் ஒழுங்காயிடும். மொதல்ல இத செஞ்சு பாப்போம்."

சாமியண்ணே சிரித்தார். "அது தூக்கம் இல்லம்மா. தியானம். மூச்ச நிறுத்துறது நான்."

"நீங்க நிறுத்தல அங்கிள். அதுவா நிக்குது."

அவர் முகம் மாறியது. பல வருடத்தில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அக்கா அதுவரை தலையைக் குனிந்தே இருந்தார். மெதுவாகக் கேட்டார்: "நான் ஒலுக்கி எழுப்புறேனே, அது தப்பா டாக்டர்?"

"தப்பே இல்ல ஆண்ட்டி. நீங்க எழுப்பி எழுப்பி விட்டதாலதான் அங்கிள் இன்னிக்கு என்கிட்ட சண்ட போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு."

அக்கா அழுதுவிட்டார். சாமியண்ணே சுவரில் இருந்த காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வாரம் மாஸ்க் மாட்டித் தூங்கினார். நாங்கள் கண்டறியாத ஒரு மனிதர் அந்த நாட்களில் எங்கள் நடுவில் இருந்தார். காலையில் கீழே இறங்கி வந்து, "பசியாறிட்டியா தம்பி?" என்று கேட்பார். ஒரு நாள் ரொட்டி சானாய் வாங்கிக்கொண்டு போனார், அக்காவுக்கு என்று. அக்காவின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அக்கா அவரைவிட ரொம்ப இளையவர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்ததே. சாமியண்ணே கண்ணை மூடி உட்கார்ந்தார். நன்றாகத் தூங்கி எழுந்த மனிதருக்குத் தலை விழவில்லை. சத்தம் வரவில்லை, மூச்சு அடங்கவில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் காத்திருந்து காத்திருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்து, "அண்ணே, இன்னிக்கு அறுபத்தெட்டு" என்றார்.

பின்னாலிருந்து ஒருவர், "கரண்டு பில்லு மாதிரி ஏறிடுச்சு லா" என்றார். சில பேர் சிரித்துவிட்டார்கள்.

சாமியண்ணே அந்தச் சிரிப்பைக் கேட்டார். பிரசாதம் வாங்காமல் வீட்டுக்குப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம் பாதி. அதற்கடுத்த வாரம் எங்கள் அடுக்குமாடிக்காரர்கள் மட்டும்.

ஒரு மத்தியானம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் மெஷின், குழாய், மாஸ்க் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில். "இத ஆஸ்பத்திரியிலேயே குடுத்துடு" என்றார்.

"அண்ணே, டாக்டர் அவ்வளவு சொன்னாங்களே."

"மேல போய்ப் பாரு, ஒங்கக்கா பொணம் மாதிரி தூங்குறா. நான் பக்கத்துல நிக்கிறேன், பேர் சொல்லிக் கூப்பிடுறேன், தெரியல. இந்த மெஷினு வந்து அவளுக்குத் தூக்கத்தக் குடுத்துச்சு, எங்கிட்டேருந்து முருகன எடுத்துக்கிச்சு. யாருக்கு லாபம் சொல்லு."

"உங்க உசிருக்கு லாபம்ணே."

"உசிரு வச்சிருக்கவன் நானா, முருகனா?" என்று பையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அதை அன்று மாலையே அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அலமாரியில் வைத்தார். சாமியண்ணே அதைத் தொடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் சொன்னார்: "இனிமே நான் உட்கார்ந்துட்டா ஒருத்தரும் என்னத் தொடக்கூடாது. முக்கியமா இவ தொடக்கூடாது. தொட்டா மூச்சு திரும்பி வர்ற வழி கெட்டுப்போகும்." வீட்டில் அக்காவை அடுப்படியில் படுக்கச் சொல்லிவிட்டு அறையைத் தாழ் போட்டுக்கொண்டார். மூச்சு மறுபடி அடங்க ஆரம்பித்தது. கூட்டமும் திரும்பி வந்தது.

பங்குனி உத்திரத்தன்று மத்தியானம். அன்னதானத்துக்கு நான் வெளியே கூடாரத்தில் சாம்பார் அண்டாவிடம் இருந்தேன். உள்ளே பூசை முடிந்து சாமியண்ணே தியானத்தில் உட்கார்ந்தார். ஜனம் வாசல் வரை நின்றது. செயலாளர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போவதற்கு முன்னால் நடந்ததை அன்று சாயங்காலம் அந்தப் போனில்தான் முழுக்கப் பார்த்தேன்.

சத்தம் ஏறுகிறது. அறுகிறது. ஜனம் கைகூப்புகிறது. கடிகாரம் அதிர்கிறது. வழக்கமாகக் குலுக்கல் வரும் நேரம் வருகிறது, போகிறது. குலுக்கல் வரவில்லை. "இன்னிக்கு ரொம்ப ஆழமா போயிட்டாரு" என்று ஒரு குரல் கேட்கிறது. தூண் ஓரம் நின்ற அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வருகிறார். இரண்டு பெண்கள் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

"விடுங்க. மூச்சு நின்னுருச்சு."

"அக்கா, அண்ணே சொல்லியிருக்காருல்ல. கலைச்சிடாதீங்க."

"எனக்குத் தெரியும்டி. இத்தன வருசம் நான்தானே எழுப்பினேன். விடுங்கடி."

"சும்மா நில்லுங்கக்கா. பாவம் வரும்." இதைச் சொன்னது செயலாளர். போன் ஆடவே இல்லை.

சாமியண்ணேயின் உதடு நீலமாக மாறுவது அந்தப் படத்தில் தெரிகிறது. அதைப் பார்த்து ஒரு அம்மா, "முருகன் நிறம் வருது" என்கிறார். முருகன் சிவப்பு என்றுகூட அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

அக்கா போட்ட கத்தல்தான் வெளியே எனக்குக் கேட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் உள்ளே நுழையும்போது அக்கா ஒரு பெண்ணின் கையைக் கடித்து விடுவித்துக்கொண்டு அவர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். அவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். கம்பனியில் சொல்லிக் கொடுத்தபடி நெஞ்சில் கை வைத்து அழுத்தினேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்தினேன். வரவில்லை, அந்த மூச்சு.

குறட்டை விடுகிற எல்லாருக்கும் இப்படி ஆகாது என்று அந்த டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார். ஆனால் மூச்சு நின்று நின்று வருகிறவர்களைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். உங்கள் வீட்டில் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். விபூதி பூசிவிட்டே கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்தப் படம் இன்றைக்கும் சுற்றுகிறது. உங்களில் சிலருக்கும் வந்திருக்கும். ஆனால் உங்களுக்கு வந்த படம், அக்கா அவர் தோளைப் பிடிக்கும் இடத்திலிருந்துதான் தொடங்கும். முன்னால் இருந்ததை வெட்டிவிட்டார்கள். கீழே, 'யோகத்தில் இருந்தவரை மனைவி தொட்டதால் உயிர் திரும்பவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். முழுப் படத்தைக் கேட்டேன். போன் மாற்றிவிட்டேன், போய்விட்டது என்கிறார் செயலாளர். அக்கா கோயிலுக்கு வந்தால் பெண்கள் நகர்ந்து நிற்கிறார்கள். பிள்ளைகளைத் தொட விடுவதில்லை.

அதனால் படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். முருகன் அவரைத் தண்டித்தான் என்று சேர்க்காதீர்கள், நான் அப்படிச் சொல்லவில்லை. அக்காவைத் தெய்வம் என்றும் ஆக்காதீர்கள், அவர் அதைக் கேட்கவில்லை. நான் எழுதியதில் எதை மறந்தாலும் பரவாயில்லை, நடந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். மூச்சு முதலில் நின்றது. அக்காவைப் பிடித்து வைத்தார்கள். அக்கா தொட்டது அதற்குப் பிறகு.